பூஜ்யம் முதலில் வரலாமா? இலக்கங்களைக் கொண்டு எண்கள் அமைக்கும் கணக்குகள்: ஒரு விளக்கம்

புதுதில்லி: பொறியியல் படிப்புகளில் சேர்வதற்கான ஜேஇஇ மெயின் தேர்வில், ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து வினாக்களுக்கு விடைத் தெரிவுகள் கொடுக்கப்படுவதில்லை. கணக்கிட்டுக் கிடைக்கும் எண்ணைத் தேர்வரே கணினியில் உள்ளிட வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண் வழங்கப்படும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். பத்து வினாக்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து எழுதலாம் என்று முன்பு இருந்த சலுகையும் 2025-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

இந்த வகை வினாக்களுக்கு மிகவும் பொருத்தமான ஒரு கணக்கு, பதினோராம் வகுப்புக் கணிதப் பாடத்தில் இருக்கிறது. சில இலக்கங்கள் கொடுக்கப்படும். அவற்றைக் கொண்டு, கூறப்பட்ட நிபந்தனைக்கு உட்பட்டு எத்தனை எண்களை அமைக்கலாம் என்று கேட்கப்படும். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும் என்று தோன்றும். ஆனால், நன்கு பயின்ற மாணவர்களும் தவறான விடையை நம்பிக்கையோடு எழுதிவிட்டு வரும் கணக்கு இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம்: 0, 1, 2, 3, 4, 5 ஆகிய இலக்கங்களைக் கொண்டு, எந்த இலக்கமும் இரண்டாம் முறை வராமல், எத்தனை நான்கு இலக்க இரட்டைப்படை எண்களை அமைக்க முடியும்?

இதற்கு 180 என்று ஒரு மாணவர் விடையளிக்கலாம். மற்றொருவர் 144 என்று எழுதலாம். இருவரும் பெருக்கலில் பிழை செய்யவில்லை. ஆயினும் இரண்டு விடைகளும் தவறு. சரியான விடை 156. தெரிவுகள் கொடுக்கப்பட்டிருந்தால் தமது விடை அவற்றில் இல்லை என்பதைக் கண்டு மாணவர் சுதாரித்துக்கொள்ள வாய்ப்புண்டு. எண்ணைத் தாமே உள்ளிடும் பகுதியில் அந்த எச்சரிக்கை கிடைக்காது.

பெருக்கல் எங்கிருந்து வருகிறது?

இவ்வகைக் கணக்குகள் அனைத்துக்கும் அடிப்படையாக இருப்பது ஒரே ஒரு கொள்கை. ஒரு செயலை 5 வழிகளில் செய்யலாம்; அதை எவ்வாறு செய்திருந்தாலும், அடுத்த செயலை 4 வழிகளில் செய்யலாம் என்றால், இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு 5 × 4 = 20 வழிகள் உள்ளன. எண்ணுதலின் அடிப்படைக் கொள்கை என்று பாடநூல்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

2, 3, 5, 7, 8 ஆகிய ஐந்து இலக்கங்களைக் கொண்டு மூன்று இலக்க எண்களை அமைக்க வேண்டும் என்று கொள்வோம். மூன்று கட்டங்களை வரைந்துகொண்டால், ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப 5 வழிகள் உண்டு. இலக்கங்கள் மீண்டும் வரலாம் என்றால் 5 × 5 × 5 = 125 எண்கள் கிடைக்கும். மீண்டும் வரக்கூடாது என்றால், முதல் கட்டத்தில் ஓர் இலக்கம் செலவாகிவிடுவதால் அடுத்த கட்டத்துக்கு 4, அதற்கடுத்த கட்டத்துக்கு 3 என வழிகள் குறைந்து, 5 × 4 × 3 = 60 எண்கள் கிடைக்கும்.

இதுவரை சிக்கல் ஏதுமில்லை. மேற்கூறிய கொள்கையில், ‘அதை எவ்வாறு செய்திருந்தாலும்’ என்ற சொற்களை மட்டும் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். முதல் கட்டத்தில் எந்த இலக்கத்தை வைத்தாலும் அடுத்த கட்டத்துக்கான வழிகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்க வேண்டும். அது மாறினால் பெருக்க முடியாது. மேலே கூறப்பட்ட 180, 144 ஆகிய இரண்டு தவறான விடைகளும் இந்தச் சொற்களைக் கவனிக்கத் தவறியதால் வந்தவையே.

எண்ணா, குறியீடா?

இலக்கங்களில் பூஜ்யம் இடம்பெறும்போது கணக்கின் தன்மையே மாறிவிடுகிறது. 0, 1, 2, 3, 4 ஆகியவற்றைக் கொண்டு, ஒரு முறை வந்த இலக்கம் மீண்டும் வராமல் மூன்று இலக்க எண்களை அமைத்தால் 60 எண்கள் கிடைப்பதில்லை. 012 என்பது மூன்று இலக்க எண் அன்று. அது வெறும் 12. எனவே நூறுகள் இடத்தை நிரப்ப 4 வழிகளே உள்ளன. அதன்பின் பூஜ்யத்தையும் சேர்த்து எஞ்சியிருப்பவை 4 இலக்கங்கள், அதற்கடுத்து 3. ஆக 4 × 4 × 3 = 48.

ஆனால், ‘மூன்று இலக்க எண்’ என்பதற்குப் பதிலாக ‘மூன்று இலக்கக் கடவுச்சொல்’ என்று கேட்டிருந்தால் 60 என்பதே சரியான விடை. பெட்டியின் பூட்டைத் திறக்க 012 என்று சுழற்றுவதற்குத் தடை எதுவும் இல்லை. எண் என்பது ஓர் அளவைக் குறிக்கிறது. அதில் முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. குறியீடு என்பது இலக்கங்களின் வரிசை மட்டுமே. அதில் பூஜ்யமும் மற்ற இலக்கங்களுக்கு நிகரானது. கணக்கைத் தொடங்கும் முன், கேட்கப்பட்டிருப்பது எண்ணா, குறியீடா என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது.

அன்றாட வாழ்வில் நாம் பயன்படுத்தும் பல ‘எண்கள்’ உண்மையில் குறியீடுகளே. ஏடிஎம் அட்டையின் நான்கு இலக்க ரகசிய எண் 0000 முதல் 9999 வரை எதுவாகவும் அமையலாம் என்று கொண்டால், மொத்தம் 10,000 வாய்ப்புகள். நான்கு இலக்க எண்கள் என்று கேட்டாலோ, 1000 முதல் 9999 வரை 9,000 மட்டுமே.

கடந்த 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி அறிமுகப்படுத்தப்பட்ட அஞ்சல் குறியீட்டு எண்ணில் நிலைமை சற்று வேறானது. ஆறு இலக்கங்களைக் கொண்ட இந்தக் குறியீட்டில் முதல் இலக்கம் அஞ்சல் மண்டலத்தைக் குறிக்கிறது. 1 முதல் 8 வரை நாட்டின் நிலப்பகுதிகளுக்கும், 9 ராணுவ அஞ்சல் சேவைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பூஜ்யத்தில் எந்த மண்டலமும் தொடங்குவதில்லை. ஆகவே 9 × 10 × 10 × 10 × 10 × 10 = 9 லட்சம் குறியீடுகளுக்கு இடமுண்டு. நடைமுறையில் இருப்பவையோ சுமார் 19 ஆயிரம் மட்டுமே. ஏனெனில் இதில் ஒவ்வொரு இலக்கமும் ஒரு பொருளைச் சுமக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் விநியோகம் செய்யும் அலுவலகத்தையும் சுட்டுகின்றன. பொருள் சுமக்கும் இலக்கங்களைக் கொண்ட குறியீட்டில் பெரும்பாலான இடங்கள் காலியாகவே இருப்பது இயல்பு.

கைப்பேசி எண்களில் இந்தக் கணக்கு நாட்டின் கொள்கை முடிவு வரை சென்றது. இந்தியாவில் கைப்பேசி எண்கள் பத்து இலக்கங்களைக் கொண்டவை. 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குபவை. முதல் இடத்துக்கு 4 வழிகள், மற்ற ஒன்பது இடங்களுக்கும் தலா 10 வழிகள் என்று கணக்கிட்டால் 400 கோடி எண்கள் கிடைக்க வேண்டும். ஆனால், தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்கும்போது, டயல் செய்யப்படும் முதல் சில இலக்கங்கள் உள்ளூர்த் தரைவழி எண் ஒன்றின் தொடக்கமாகவும் இருந்துவிட்டால், எந்த இணைப்பை வழங்குவது என்று இணைப்பகத்தால் பிரித்தறிய இயலாது. இதன் காரணமாகப் பல எண் தொடர்களைக் கைப்பேசிகளுக்கு ஒதுக்க முடியாத நிலை இருந்தது.

இதற்குத் தீர்வாக, தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைப்போர் முன்னால் பூஜ்யத்தைச் சேர்த்து டயல் செய்ய வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2020-ஆம் ஆண்டு மே மாதம் பரிந்துரைத்தது. 2021-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி இந்த முறை நடைமுறைக்கு வந்தது. இதன்மூலம் கூடுதலாகச் சுமார் 254 கோடி எண்களுக்கு இடம் கிடைக்கும் என்று தெரிவிக்கப்பட்டது. அந்தச் சமயத்தில், கைப்பேசி எண்கள் பதினொரு இலக்கமாகப் போகின்றன என்ற செய்தி பரவியதும், அவ்வாறு பரிந்துரைக்கவில்லை என்று டிராய் விளக்கமளித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அங்கு சேர்க்கப்பட்ட பூஜ்யம் எண்ணின் பகுதி அன்று. அது நிபந்தனை ஒன்றை விலக்கிக்கொண்ட ஏற்பாடு. ஓர் இலக்கம்கூடக் கூடாமல், அமைக்கத்தக்க எண்களின் தொகை உயர்ந்தது அதனால்தான்.

156 எவ்வாறு கிடைக்கிறது?

இனி, தொடக்கத்தில் கண்ட கணக்குக்குத் திரும்பலாம். இரட்டைப்படை எண் என்பதால் ஒன்றுகள் இடத்தில் 0, 2, 4 ஆகிய மூன்றில் ஒன்று வர வேண்டும். நான்கு இலக்க எண் என்பதால் ஆயிரங்கள் இடத்தில் 0 வரக்கூடாது.

முதல் மாணவர், ஒன்றுகள் இடத்துக்கு 3 வழிகள், எஞ்சிய இடங்களுக்கு 5, 4, 3 வழிகள் எனக் கொண்டு 180 என்று முடித்துவிட்டார். 0124, 0352 போன்றவையும் அவரது கணக்கில் சேர்ந்துவிட்டன. இரண்டாம் மாணவர் பூஜ்யத்தை மறக்கவில்லை. ஒன்றுகள் இடத்துக்கு 3 வழிகள். ஆயிரங்கள் இடத்தில், பூஜ்யத்தையும் ஏற்கெனவே பயன்படுத்திய இலக்கத்தையும் விலக்கினால் 4 வழிகள். எஞ்சிய இரண்டு இடங்களுக்கு 4, 3 வழிகள். ஆக 144. இவர் தவறவிட்டது மிகச் சிறிய ஒன்று. ஒன்றுகள் இடத்திலேயே பூஜ்யத்தை வைத்துவிட்டால், ‘பூஜ்யமும் பயன்படுத்திய இலக்கமும்’ என்பவை இரண்டல்ல, ஒன்றே. அப்போது ஆயிரங்கள் இடத்துக்கு 4 வழிகள் அல்ல, 5 வழிகள் உள்ளன. முதல் தெரிவு அடுத்த தெரிவின் எண்ணிக்கையை மாற்றிவிட்டது. இந்த இடத்தில் பெருக்கலை நிறுத்திவிட்டுக் கணக்கைப் பிரிக்க வேண்டும்.

ஒன்றுகள் இடத்தில் 0 இருந்தால், மற்ற மூன்று இடங்களையும் 5 × 4 × 3 = 60 வழிகளில் நிரப்பலாம். ஒன்றுகள் இடத்தில் 2 அல்லது 4 இருந்தால், அதற்கு 2 வழிகள்; ஆயிரங்கள் இடத்துக்கு 4 வழிகள்; எஞ்சியவற்றுக்கு 4, 3 வழிகள்; ஆக 2 × 4 × 4 × 3 = 96. இரண்டு பிரிவுகளிலும் பொதுவான எண் எதுவும் இல்லை என்பதால் கூட்டிவிடலாம்: 60 + 96 = 156.

முதல் மாணவரின் 180-ஐத் திருத்தியும் இதே விடையை அடையலாம். அதில் தவறாகச் சேர்ந்தவை பூஜ்யத்தில் தொடங்கி 2 அல்லது 4-இல் முடிபவை; அவை 2 × 4 × 3 = 24. 180-இலிருந்து 24-ஐக் கழித்தால் 156. இருவேறு வழிகளில் ஒரே விடை கிடைப்பதைவிட நம்பகமான சரிபார்ப்பு இக்கணக்குகளில் இல்லை.

இரண்டாவது வழி தோன்றவில்லை என்றால் கணக்கைச் சுருக்கிப் பார்க்கலாம். 0, 1, 2 ஆகிய மூன்று இலக்கங்களை மட்டும் கொண்டு, இலக்கங்கள் மீண்டும் வராத இரண்டு இலக்க இரட்டைப்படை எண்கள் எத்தனை? எழுதியே பார்த்துவிடலாம்: 10, 12, 20. மூன்று எண்கள். முதல் மாணவரின் முறை இதற்கு 2 × 2 = 4 என்றும், இரண்டாம் மாணவரின் முறை 2 × 1 = 2 என்றும் விடை தரும். தமது முறை தவறு என்பதை அறிய இருவருக்கும் அரை நிமிடம் போதும். தேர்வறையில் அந்த அரை நிமிடம், ஐந்து மதிப்பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது.

ஒரு சொல்லில் மாறும் விடை

வினாவின் மொழியும் விடையை மாற்றவல்லது. 0, 2, 5, 8 ஆகிய இலக்கங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தி நான்கு இலக்க எண்களை அமைக்கலாம் என்று கொள்வோம். அவற்றில் 5000-க்குக் குறையாத எண்கள் எத்தனை? ஆயிரங்கள் இடத்தில் 5 அல்லது 8 வரலாம். மற்ற மூன்று இடங்களுக்கும் தலா 4 வழிகள். எனவே 2 × 4 × 4 × 4 = 128. ‘5000-ஐ விடப் பெரிய’ எண்கள் எத்தனை என்று கேட்டால் விடை 127. ஏனெனில் கணக்கிட்ட 128-இல் 5000 என்ற எண்ணும் ஒன்று. ‘5000-க்கு மேற்பட்ட’ என்று எழுதினால்? தமிழில் இந்தச் சொல் பேச்சு வழக்கில் 5000-ஐயும் சேர்த்துக்கொள்ளும். கண்டிப்பான பொருளில் சேர்த்துக்கொள்ளாது. ‘குறையாத’, ‘விடப் பெரிய’ என்று தெளிவாக எழுதுவதே வினாத்தாள் தயாரிப்போருக்கு அழகு.

ஜேஇஇ மெயின் தேர்வு தமிழ் உள்பட 13 மொழிகளில் நடத்தப்படுகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் ஏற்பட்டால் ஆங்கில வினாவே இறுதியானது என்பது தேர்வை நடத்தும் தேசிய தேர்வு முகமையின் விதி. எனவே தமிழில் தேர்வு எழுதும் மாணவர்கள் ‘மேற்பட்ட’, ‘இடையே’, ‘வரை’ போன்ற சொற்களைக் கண்டால், ஆங்கில வடிவத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. ‘இலக்கம்’, ‘எண்’ ஆகிய இரண்டு சொற்களையும் பேச்சில் ஒன்றாகவே பயன்படுத்தும் பழக்கமும் சிலரைக் குழப்புகிறது. 0 முதல் 9 வரையிலான பத்துக் குறிகளே இலக்கங்கள். அவற்றைக் கொண்டு அமைவது எண்.

வகுபடும் எண்கள்

ஐந்தால் வகுபடும் எண், மூன்றால் வகுபடும் எண் என்று கேட்கும்போது, அந்த நிபந்தனை எந்த இடத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதே முதல் கேள்வி. 2, 5, 10 ஆகியவற்றால் வகுபடுவது கடைசி இலக்கத்தை மட்டும் பொறுத்தது. நான்கால் வகுபடுவது கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறுத்தது. 1, 2, 3, 4, 5 ஆகியவற்றைக் கொண்டு, இலக்கம் மீளாமல் நான்கால் வகுபடும் நான்கு இலக்க எண்களை அமைத்தால், அவை 12, 24, 32, 52 ஆகிய நான்கில் ஒன்றில் முடிய வேண்டும். முன்னிரண்டு இடங்களுக்கு 3 × 2 = 6 வழிகள். ஆக 4 × 6 = 24 எண்கள்.

மூன்றின் நிபந்தனை வேறு வகையானது. அது எந்த இடத்தையும் கட்டுப்படுத்துவதில்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கட்டுப்படுத்துகிறது. 0, 1, 2, 3, 4, 5 ஆகியவற்றில் ஐந்து இலக்கங்களைக் கொண்டு, மூன்றால் வகுபடும் ஐந்து இலக்க எண்கள் எத்தனை என்ற கணக்கு பயிற்சி நூல்களில் பல தலைமுறைகளாக இடம்பெற்று வருகிறது. ஆறு இலக்கங்களின் கூட்டுத்தொகை 15. அவற்றில் ஒன்றை விட்டுவிட்டு எஞ்சும் தொகை மூன்றால் வகுபட வேண்டுமானால், விடப்படுவது 0 ஆகவோ 3 ஆகவோ இருக்க வேண்டும். 0-ஐ விட்டால் 5 × 4 × 3 × 2 × 1 = 120 எண்கள். 3-ஐ விட்டால் பூஜ்யம் உள்ளே இருப்பதால் 4 × 4 × 3 × 2 × 1 = 96 எண்கள். மொத்தம் 216. இங்கு முதலில் செய்ய வேண்டியது கட்டங்களை நிரப்புவது அன்று. எந்த இலக்கங்கள் என்பதைத் தேர்வு செய்வது.

‘குறைந்தது ஓர் இலக்கமாவது மீண்டும் வரும்’ என்ற வகை வினாக்களில் நேராக எண்ண முற்பட்டால் பிரிவுகள் பெருகிக்கொண்டே போகும். எதிர்ப்பக்கத்தை எண்ணிக் கழிப்பதே எளிது. நான்கு இலக்க எண்கள் 9,000. எந்த இலக்கமும் மீண்டும் வராதவை 9 × 9 × 8 × 7 = 4,536. எனவே ஏதேனும் ஓர் இலக்கம் மீண்டும் வருபவை 4,464. ஏறத்தாழ பாதி! இதே கேள்வியை நான்கு இலக்க ரகசியக் குறியீட்டுக்குக் கேட்டால், 10,000-இலிருந்து 10 × 9 × 8 × 7 = 5,040-ஐக் கழிக்க 4,960 கிடைக்கும்.

லீலாவதியில் ‘அங்கபாசம்’

இந்தக் கணக்குகள் நுழைவுத் தேர்வுகளுக்காகப் பிறந்தவை அல்ல. 1114-ஆம் ஆண்டு பிறந்த கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர், தமது 36-ஆவது வயதில், அதாவது 1150-ஆம் ஆண்டில், ‘சித்தாந்த சிரோமணி’யை இயற்றினார். அதன் ஒரு பகுதியாகிய ‘லீலாவதி’யின் இறுதி அத்தியாயம் ‘அங்கபாசம்’ என்ற தலைப்பைக் கொண்டது. வடமொழியில் ‘அங்கம்’ என்பதற்கு இலக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. ‘பாசம்’ என்பது கயிறு, கண்ணி. பாசக்கயிறு என்ற சொல்லில் நாம் அறிந்த அதே பாசம்தான். ஆக, அது இலக்கங்களால் பின்னப்பட்ட கண்ணி. வெளிப்படையாகப் பெருக்கலோ வகுத்தலோ கேட்கப்படாத இந்தப் பகுதியில், தங்கள் திறமையில் செருக்குக் கொண்ட கணக்கர்கள் நிச்சயம் இடறிவிழுவர் என்ற எச்சரிக்கையுடன்தான் பாஸ்கரர் அத்தியாயத்தை முடிக்கிறார்.

இரண்டு இலக்கங்களில் தொடங்குகிறது அவரது கணக்கு. 2, 8 ஆகியவற்றைக் கொண்டு எத்தனை எண்கள், அவற்றின் கூட்டுத்தொகை என்ன? 28, 82 என இரண்டு எண்கள், கூட்டுத்தொகை 110. அடுத்து 3, 9, 8: ஆறு எண்கள், கூட்டுத்தொகை 4,440. அதற்கடுத்து ஒரே தாவலாக 2 முதல் 9 வரை எட்டு இலக்கங்கள். எண்கள் 40,320; அவற்றின் கூட்டுத்தொகை 2 லட்சத்து 46 ஆயிரத்து 399 கோடியே 99 லட்சத்து 75 ஆயிரத்து 360.

நாற்பதாயிரம் எண்களை எழுதிக் கூட்டாமலே இந்தத் தொகையை அடையும் வழியையும் அவர் தருகிறார். அதன் தருக்கம் எளிமையானது. 3, 9, 8-ஐக் கொண்டு அமையும் ஆறு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், ஒன்றுகள் இடத்தில் ஒவ்வொரு இலக்கமும் இரண்டு முறை வரும். எனவே அந்த நிரலின் கூட்டுத்தொகை 2 × (3 + 9 + 8) = 40. பத்துகள் நிரலிலும் 40; நூறுகள் நிரலிலும் 40. ஆக 40 × 111 = 4,440. எட்டு இலக்கங்களுக்கும் இதே முறைதான். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் இலக்கமும் 40,320 ÷ 8 = 5,040 முறை வரும்; இலக்கங்களின் கூட்டுத்தொகை 44; எனவே 5,040 × 44 × 1,11,11,111.

ஒரே இலக்கம் பலமுறை கொடுக்கப்பட்டிருக்கும் கணக்குகளும் லீலாவதியில் உள்ளன. 4, 8, 5, 5, 5 ஆகியவற்றைக் கொண்டு எத்தனை ஐந்து இலக்க எண்கள்? ஐந்தும் வெவ்வேறாக இருந்தால் 120. மூன்று 5-களைத் தமக்குள் இடம் மாற்றிக்கொள்ளும் 6 வழிகளும் ஒரே எண்ணைத்தான் தரும் என்பதால் 120 ÷ 6 = 20. அவற்றின் கூட்டுத்தொகை 11 லட்சத்து 99 ஆயிரத்து 988.

இந்தக் கணக்குகளில் பாஸ்கரர் கொடுத்த இலக்கங்கள் எவற்றிலும் பூஜ்யம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆறு இடங்களில் வெவ்வேறு இலக்கங்களை அமைக்கும் கணக்கில், பூஜ்யம் நீங்கலாக என்று அவரே குறிப்பிடுகிறார்; விடை 9 × 8 × 7 × 6 × 5 × 4 = 60,480. பூஜ்யத்தைச் சேர்த்தால் அவரது கூட்டுத்தொகை விதியில் ஒரு திருத்தம் தேவைப்படும். 0, 1, 2, 3-ஐக் கொண்டு அமையும் நான்கு இலக்க எண்களின் கூட்டுத்தொகையை இன்றைய மாணவர் கண்டறிய வேண்டுமானால், விதிப்படி கிடைக்கும் 39,996-இலிருந்து, பூஜ்யத்தில் தொடங்குபவற்றின் தொகையாகிய 1,332-ஐக் கழித்து 38,664 என்று விடை எழுத வேண்டும்.

அத்தியாயத்தின் கடைசிக் கணக்கு மிகவும் நுட்பமானது. ஐந்து இடங்கள், எதிலும் பூஜ்யம் இல்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 13. அத்தகைய எண்கள் எத்தனை? பதின்மூன்று புள்ளிகளை வரிசையாக வைத்து, இடையிலுள்ள 12 இடைவெளிகளில் நான்கில் கோடு போட்டால் அவை ஐந்து பகுதிகளாகப் பிரியும். அந்த நான்கு இடைவெளிகளைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் (12 × 11 × 10 × 9) ÷ 24 = 495. இதுவே விடை. கூட்டுத்தொகை, இடங்களின் எண்ணிக்கையுடன் 9-ஐக் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருக்கும்போது மட்டுமே இந்த விதி செல்லும் என்றும் பாஸ்கரர் வரையறுக்கிறார். ஐந்து இடங்களுக்கு அந்த வரம்பு 14. கூட்டுத்தொகை 14 ஆகிவிட்டால் 10, 1, 1, 1, 1 என்று பிரியும் வாய்ப்பு வந்துவிடும். 10 என்பது இலக்கம் அன்று. அந்த ஐந்து வாய்ப்புகளையும் கழித்தால் 715-க்குப் பதில் 710 கிடைக்கும். தமது விதி செல்லுபடியாகும் கடைசி எல்லையாகிய 13-ஐயே அவர் எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

எத்தனையாவது எண்?

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1356-ஆம் ஆண்டில் நாராயண பண்டிதர் இயற்றிய ‘கணித கௌமுதி’யில் அங்கபாசம் ஒரு விரிவான அத்தியாயமாக வளர்ந்தது. எண்களின் மொத்தத் தொகையுடன் அவர் நிற்கவில்லை. எல்லா வரிசைகளையும் ஓர் ஒழுங்கில் எழுதினால், குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் வரிசை எது, கொடுக்கப்பட்ட வரிசை எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் முறைகளை வகுத்தார். முன்னதற்கு ‘நஷ்டம்’ என்றும், பின்னதற்கு ‘உத்திஷ்டம்’ என்றும் பெயர். யாப்பிலக்கண நூல்களில் ஏற்கெனவே வழங்கிவந்த சொற்கள் இவை.

உத்திஷ்ட வகைக் கேள்வி இன்றும் போட்டித் தேர்வுகளில் வருகிறது. 1, 2, 3, 4, 5 ஆகியவற்றைக் கொண்டு, இலக்கம் மீளாமல் அமையும் 120 ஐந்து இலக்க எண்களையும் ஏறுவரிசையில் எழுதினால் 34152 எத்தனையாவது? 1 அல்லது 2-இல் தொடங்கும் 2 × 24 = 48 எண்களும் அதற்கு முன்னால் நிற்கும். 3-இல் தொடங்குபவற்றில், இரண்டாம் இடத்தில் 1 அல்லது 2 உள்ள 2 × 6 = 12 எண்களும் முன்னால் நிற்கும். 34 என்று தொடங்குபவற்றில் மூன்றாம் இடத்தில் 1-ஐ விடச் சிறிய இலக்கம் இல்லை என்பதால் கூட்டுவதற்கு ஏதுமில்லை. 341 என்று தொடங்குபவற்றில், நான்காம் இடத்தில் 5-க்குப் பதில் 2 வரும் 34125 என்ற ஓர் எண் மட்டும் முன்னால் இருக்கிறது. ஆக 48 + 12 + 1 = 61 எண்களுக்குப் பிறகு வருவதால் 34152 அந்த வரிசையில் 62-ஆவது எண்ணாகும்.